உனக்குத் தெரியாமல் நான் அனுப்பிய மெடிக்கல்

மனெ,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதும் நான் "அம்மாவோட கதை" என்று போனை அவளிடம் நீட்டிவிட்டுக் கேற்றடிக்குப் போய், ஏற்கனவே பூட்டியிருந்த கேற்றைத் திறந்து மறுபடி பூட்டினேன். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள். போன வருசம் உன் பெயரில் போன மெடிக்கல் சான்றிதழ் பொய் என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் கணினிக் கட்டமைப்புப் பேப்பருக்குப் போவேன் என்கிறாய். சொன்னால் உன்னை எழுத விடுவார்களோ, ஒரு வருசம் நிறுத்திவைப்பார்களோ, யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் கதைக்கத் தொடங்கினால் உன்னை மடக்கி என் வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியும். அந்த வித்தை எனக்கு நன்றாக வரும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது என்பதை விட, நானும் உன் பேச்சின் நடுவே புகுந்து ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் நல்லது.

உன் அம்மா என்னைப் பற்றிச் சொல்வது உனக்குத் தெரியும். "உங்கட கை சும்மா நிக்காது." ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் முப்பது வருசமாக நிற்கிறவனுக்குக் கை சும்மா நின்றால் வேலை நடக்குமா என்று நானும் திருப்பிக் கேட்பேன். ஆனால் அவள் சொல்வது வேறு. நீ எட்டாம் ஆண்டில் படிக்கும்போது விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் சத்தம் போடும் கருவி ஒன்று செய்தாய் அல்லவா? வயரெல்லாம் கோணல்மாணலாக, ஒட்டுப்போட்ட இடமெல்லாம் வீங்கிப்போய், ஆனால் வேலை செய்தது. நீ பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதை முழுக்கப் பிரித்து, நேரான வயர் போட்டு, புதுப் பெட்டியில் வைத்து அழகாக்கினேன். முதலாம் பரிசு கிடைத்தது. பரிசு வாங்க மேடைக்குப் போக மாட்டேன் என்று நீ கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். பிள்ளைக்கு வெட்கம் என்று பக்கத்தில் இருந்த ஆசிரியரிடம் சொல்லிச் சிரித்தேன். அது வெட்கம் இல்லை என்று விளங்கிக்கொள்ள எனக்கு இத்தனை வருசம் எடுத்திருக்கிறது.

அந்தக் கணினிக் கட்டமைப்புப் பாடம் தொடங்கிய முதல் மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஏ.எல். பரீட்சை வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை, மலைநாட்டுக் குளிரில் இருக்கும் கம்பஸுக்குப் போய் எல்லாவற்றையும் இங்கிலிசில் கேட்கிறாய். நாலைந்து பாடம் எப்படியோ பிடிபட்டுவிட்டது. இது மட்டும் பிடிபடவில்லை. அதைப் படிப்பிக்கும் மிஸ்ஸிடம் சந்தேகம் கேட்டால் விடை சொல்ல மாட்டார், "அப்போ அடுத்த துடிப்பில் என்ன நடக்கும்?" என்று உன்னிடமே திருப்பிக் கேட்பார் என்று சொன்னாய். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சின்னக் கணினி மூளையையே கம்பியூட்டருக்குள் எழுதிக் கட்ட வேண்டும். இந்தக் கிழமை கூட்டல் போடும் பகுதி, அடுத்த கிழமை எண்களை வைத்துக்கொள்ளும் அறைகள், அதற்கடுத்த கிழமை எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் பகுதி. ஒரு கிழமை பிந்தினால் மற்றது ஏறி நிற்கும். இடைப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது. அதை நீ சொன்ன குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அந்தப் பத்தொன்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மாமாவிடம்கூட, "நல்லாப் போகுது" என்றுதான் சொன்னேன். ஆனால் எனக்குள் அதை எழுதி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் எனக்கு அந்தப் பத்தொன்பதுதான் கேட்டது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு வந்தேன். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

உன்னோடு சேர்ந்து அந்த மூளையைக் கட்டிய ரிஸ்வானை நீ பெரியகல்லாற்றில் நம் வீட்டுக்குக் கூப்பிட்ட அந்த விடுமுறையைச் சொல்ல வேண்டும். ஓட்டமாவடியில் இருந்து பஸ் ஏறி, அவன் உம்மா கட்டிக்கொடுத்த தொதல் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து இறங்கினான். வந்த நேரம் முதல் இருவரும் முன்னறை மேசையை விட்டு எழும்பவில்லை. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கமெல்லாம் பெட்டிகளும் அம்புக்குறிகளும். நான் பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, எட்டிப் பார்த்து, விளங்காமல் திரும்பிப் போனேன். உங்கள் மூளையிடம் ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டச் சொன்னீர்கள். ஐம்பத்தைந்து வர வேண்டும். நாற்பத்தைந்து வந்தது. மூன்று நாளாக நாற்பத்தைந்துதான் வந்தது. மூன்றாம் நாள் வாவி நண்டுக் கறியோடு சோறு போட்ட பிறகும் இருவரும் நண்டுக் காலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்தைப் பற்றியே கதைத்தீர்கள்.

அன்றைக்கு நீ எனக்கு அதை விளங்கப்படுத்தினாய். "அப்பா, உங்கட ஜன்னல நினைச்சிப் பாருங்க" என்றாய். ஒருவர் மருந்துச் சீட்டுத் துண்டை வாங்குகிறார், ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் குளிசையை எடுக்கிறார், ஒருவர் எண்ணுகிறார், ஒருவர் உறையில் எழுதிக் கொடுக்கிறார். ஒரு நோயாளியின் வேலை முழுக்க முடிந்த பிறகா அடுத்தவரின் துண்டை வாங்குகிறோம்? முதலாமவரின் குளிசையை எண்ணும்போதே இரண்டாமவரின் துண்டை வாசித்தாயிற்று. அப்படித்தான் இதுவும், துடிப்புக்கு ஒரு படியாக, வேகமாக ஓடுகிறது. ஆனால் முதலாவது கணக்கின் விடையை அறையில் எழுதி வைப்பதற்கு முன்னே இரண்டாவது கணக்கு அவசரப்பட்டு அந்த அறையைத் திறந்து பார்த்துவிட்டால், அங்கே இருப்பது பழைய எண். அந்தப் பழைய எண்ணை வைத்துக்கொண்டு அது மிகச் சரியாகக் கணக்குப் போடும். விடை மட்டும் பிழை. "அப்ப என்ன செய்யிற?" என்று கேட்டேன். "ஒரு துடிப்பு நிக்கச் சொல்லணும். நிக்கிற மாதிரி ஒரு பகுதி எழுதணும். அது என்ட வேலை" என்றாய். அடுத்த நாள் பின்னேரம் ஐம்பத்தைந்து வந்தபோது ரிஸ்வான் மேசையில் அடித்த அடியில் என் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. நான் இவ்வளவு சந்தோசமாக எந்தக் கோப்பையையும் கழுவியதில்லை.

பிறகு ஸ்டடி லீவுக்கு வந்தாய். தடிமன், மூக்கடைப்பு, இரண்டு நாள் உடம்பு கொஞ்சம் சுட்டது. அறையில் கிடந்தபடியே பழைய வினாத்தாள்களைச் செய்துகொண்டிருந்தாய். ஒரு மத்தியானம் குசினிக்கு வந்து, நான் மீன் கழுவிக்கொண்டிருக்க, சுவரில் சாய்ந்து நின்று சொன்னாய்: "அப்பா, எனக்கு ஏலா. இந்தப் பாடம் எனக்கு ஏலா." நான் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் நீ அறைக்குப் போய்விட்டாய். இதுதான் நடந்தது. நீ வேறொன்றும் சொல்லவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. நான் உன் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் இருந்து, என்ன மனெ ஏலா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கம்பஸ் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மெடிக்கல் போடுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். பெயிலாகி மறுபடி எழுதினால் அது ரிப்பீட். எவ்வளவு திறமாக எழுதினாலும் ஒரு 'சி'க்கு மேலே தர மாட்டார்கள். வருத்தம் என்று மெடிக்கல் கொடுத்துப் பரீட்சைக்குப் போகாமல் விட்டால், அடுத்த வருசம் எழுதுவது முதல் தரம் எழுதுவதாகவே எடுபடும். பட்டத்தில் வகுப்பு எடுக்கும் தகுதி போகாது. என் ஜன்னலுக்கு வெளியே நின்று எத்தனை தகப்பன்மார் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஏலாது என்று கௌரவமாகத் தலையாட்டி அனுப்பியிருக்கிறேன். அன்று துறையில் பாதைப் படகில் ஏறி வாவி கடந்து மண்டூர்க் கரைக்குப் போய், ஆஸ்பத்திரியில் டொக்டரின் அறைக்குள் நுழைந்து, மகனுக்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடக்கிறான், வாவி கடந்து கொண்டுவர வழியில்லை என்றேன். அவர் என்னை நம்பினார். ஒரு கிழமை ஓய்வு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். உன் பெயரில் விண்ணப்பத்தையும் நானே நிரப்பி, தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, பெரிய காரியம் ஒன்றை முடித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

உனக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியப் பஸ்ஸுக்கு நீ பையைக் கட்டி, சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மெடிக்கல் அனுப்பிவிட்டேன் என்று சொல்லித் தபால் துண்டை எடுத்து நீட்டினேன். உன் முகம் மலரும் என்று நினைத்தேன். நீ துண்டை இரண்டு தரம் வாசித்தாய். "நான் போறன் அப்பா, வைவாவும் இரிக்கு" என்றாய். இப்போது போய் நின்றால் பொய் மெடிக்கல் என்று இருவரும் பிடிபடுவோம் என்றேன். அந்த ஒரு வசனத்தால் உன்னைக் கட்டிப்போட்டேன். நீ குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினாய். மற்றதைக் கழற்றக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என்னைப் பாராமலே சொன்னாய்: "ஏலா எண்டு சொன்னது, ஆரிட்டயாவது சொல்லணும் எண்டுதான் அப்பா." நான் அதற்கும் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நல்லவேளை.

நான் ஏன் அப்படி ஓடினேன் என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். என்னுடைய ஏ.எல். கதையை உனக்குச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருக்கிறேன்: பிரச்சினைக் காலம், ரோட்டெல்லாம் பூட்டு, வேதியியல் பேப்பர் அன்று மண்டபத்துக்குப் போக முடியவில்லை, அதனால்தான் உன் அப்பா டொக்டர் ஆகாமல் டொக்டரின் எழுத்தை வாசிக்கிறவன் ஆனான் என்று. அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அடுத்த வருசம் ரோடு திறந்திருந்தது. அனுமதி அட்டையும் வந்தது. நான்தான் போகவில்லை. ஒரு வருசம் தள்ளிப்போனதும் எனக்குள் பயம் குடியேறிவிட்டது. இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம் என்று விட்டுவிட்டேன். தள்ளிப்போடுவது ஒரு ஆளை என்ன செய்யும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இல்லை. அதையே எடுத்து உனக்கு மருந்து என்று கொடுத்தேன். இதை நினைக்கும்போது எனக்கு என்மேல் கோபம் கோபமாக வருகிறது.

நீ போகாத அந்த வைவாவுக்கு, நேரில் நின்று வாயால் விடை சொல்லும் பரீட்சைக்கு, ரிஸ்வான் தனியே போய் நின்றான். யார் வந்தாலும் முழுதையும் விளங்கப்படுத்த வேண்டும் என்பது அந்த மிஸ்ஸின் சட்டம். அவர் கேட்ட முதல் கேள்வியே, அந்த ஒரு துடிப்பு நிற்க வைக்கும் பகுதியைப் பற்றி. உன்னுடைய பகுதி. அவன் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தான், போதவில்லை. கூட்டாளிக்கு உண்மையாகவே வருத்தமா என்று மிஸ் கேட்டபோது, அதே காலையில் உன்னோடு போனில் கதைத்த அவன், "ஓம் மிஸ், காய்ச்சல்" என்றான். அந்தப் பாடத்தில் பெயிலானான். இப்போது அதே மண்டபத்தில், அதே பேப்பரை இருவரும் எழுதப் போகிறீர்கள். உன்னுடையது முதல் தரம். அவனுடையது ரிப்பீட். நீங்கள் இருவரும் ஒரே விடையை எழுதினாலும் உனக்கு 'ஏ' வரலாம், அவனுக்கு 'சி'தான். இதை நீ ஞாயிற்றுக்கிழமை சொல்லும் வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை போன நோன்புப் பெருநாளுக்கும் எனக்கு போன் எடுத்து, "அங்கிள், சுகமா?" என்று கேட்டான்.

இனிச் சொல்லப்போவது எனக்கு அழகில்லாத பகுதி. நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவில் வந்தது ரிஸ்வான் இல்லை, நீயும் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருசம் இருக்கிற நேரத்தில் விசாரணை வந்தால் என் நிலை என்ன என்றுதான் யோசித்தேன். திங்கட்கிழமை பாதையில் ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்கு நடந்துகொண்டே இருந்தேன். "மோட்டச்சைக்கிள் எல்லாம் சரியப்போகுது, ஒரு இடத்தில நில்லுங்க" என்று பாதைக்காரர் சத்தம் போட்டார். ஜன்னலில் ஒரு அம்மாவுக்குக் குளிசையை மூன்று தரம் எண்ணினேன், மூன்று தரமும் வேறு வேறாக வந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிப் பின்பக்கம் மாமரத்தடியில் நின்று ரிஸ்வானுக்கு போன் எடுத்தேன். உன்னோடு கதைத்து உன் மனத்தை மாற்றச் சொல்லத்தான் எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனிடமே அதைக் கேட்டேன். "அங்கிள், அவன் சொன்னாலும் எனக்கு 'சி'தான். அது மாறாது. நானும் மிஸ்ஸிட்டப் பொய் சொல்லிரிக்கன், எனக்கும் ஏச்சு விழும். ஆனா அவன் சொல்லட்டும். ஒரு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒழுங்காக் கதைக்கல்ல" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அவன் உங்களிட்ட மெடிக்கல் கேட்டானா? இல்ல. இப்ப என்னவும் கேட்டானா? அதுவும் இல்ல. நீங்க செய்தத மட்டும் நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

இன்று காலை, நோயாளிகள் வருவதற்கு முன், டொக்டரின் அறைக்குப் போனேன். கதிரை காட்டினார், இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அண்ணன், பாக்காமக் கையெழுத்து வெச்சது என்ட பிழை. நீங்க கேட்டா வைக்கிறதுக்கு நான் யோசிக்கவே இல்ல. அதுதான் எனக்குக் கவலையா இரிக்கு" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கம்பஸில் இருந்து கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றும், மேலிடத்துக்கு எழுத வேண்டி வந்தால் எழுதுவேன் என்றும் சொன்னார். வெளியே வந்து ஜன்னலைத் திறந்தேன். இன்று எண்ணிய குளிசையெல்லாம் முதல் தரமே சரியாக வந்தது.

இதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நீ சொல்வாய். ஒரு வருசம் வாய் மூடி இருந்தேன் என்பாய். அது உன் கணக்கு, நான் அதற்குள் வரவில்லை. என் கணக்கு இவ்வளவுதான்: அந்த மத்தியானம் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றவன் பத்தொன்பது எடுத்த பிள்ளை இல்லை. பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாகச் செய்து, பாதிக்கு மேலே சரியாக்கியிருந்தவன். அந்தத் தாள்களை உன் மேசை லாச்சியில் நேற்றுத்தான் பார்த்தேன். நான் ஒரு துடிப்பு நின்றிருந்தால் எனக்குப் புது எண் தெரிந்திருக்கும். நீ பயந்திருந்தாய், மனெ. பயந்தபடியே போய் எழுதியிருப்பாய். அதை உன்னிடமிருந்து நான் பறித்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று டொக்டரிடம் சொன்னதும், விண்ணப்பத்தை நிரப்பி உன் பெயரை எழுதியதும், அனுப்பியதும் நான் என்று, அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். துறைத் தலைவரின் விலாசம் என்னிடம் இருக்கிறது. போன வருசம் எழுதிய அதே விலாசம். இன்று தபாற்கந்தோரில் பதிவுத் தபால் ஜன்னலுக்கு முன்னால் இந்தத் தாளோடு கொஞ்ச நேரம் நின்றேன். நேரே அவருக்கே அனுப்பிவிட்டால் உனக்குப் பாரம் குறையும் என்று கை துடித்தது. திரும்பி வந்துவிட்டேன். தாள் உன்னிடம் வருகிறது. கொடுப்பதும், கிழிப்பதும், உன் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கொடுப்பதும் உன் விருப்பம். என்னைக் கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வருவேன். கூப்பிடாவிட்டால் வர மாட்டேன்.

இந்தப் பத்து நாளும் நான் உனக்கு போன் எடுக்க மாட்டேன். எடுக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அம்மா உனக்குச் சொல்வாள். நீ எடுத்தால், எந்த நேரமானாலும் எடுப்பேன். எடுத்து, "அப்பா, எனக்கு ஏலா" என்று நீ சொன்னால், இந்த முறை சேட்டைத் தேட மாட்டேன். "ஓம் மனெ, சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் இருந்த இடத்திலேயே இருப்பேன்.

அப்பா